மூச்சு வாங்க மேலே வரும் ஆமை

காலடிப்பேட்டையில் நான் தண்ணீர் கேன் போட்ட வீடுகளில் ஒன்று துறைமுகத்துக் கிரேன் ஓட்டுநருடையது. நரைத்த மீசை, கிரீஸ் போகாத நகங்கள். கேன் தண்ணீரை மகன் வளர்த்த ஆமைக்கு ஊற்றிவிட்டு, அவர் குழாய்த் தண்ணீர்தான் குடிப்பார். மகன் கப்பல் வேலைக்குப் போயிருந்தான்.

ஒரு மதியம் ஆமை தொட்டியின் அடியில் கால்களைப் பரப்பிக் கிடந்தது.

“இன்னா நைனா, செத்துப்போச்சா?” என்று கண்ணாடியைத் தட்டப் போனேன்.

“தட்டாதப்பா, தூங்கிகினு கீது. மூச்சு வாங்க தானா மேல வரும்.”

மடியில் போனோடு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். “கப்பல் கரைக்கு வந்தாத்தான் அவன் பேசுவான்,” என்றார்.

ஆமை மேலே வந்து, மூக்கை மட்டும் நீட்டி மூச்சிழுத்து, மறுபடி அடியில் போய்ப் படுத்தது. அதுவரை அடக்கியிருந்த மூச்சை அவரும் அப்போதுதான் விட்டார்.

கடலில் கப்பல் தெரிந்தால், அவருக்குப் போன் வந்திருக்குமா என்று இன்றும் நினைத்துக்கொள்கிறேன்.