பகலில் உறங்கும் நரி

1. முதல் நாள்

எண்பதுகளின் நடுவில், பிரெஞ்சுத் தலைநகரில், லா சப்பலுக்குப் பக்கத்தில் ஒரு செல்லப்பிராணிக் கடையில் எனக்குக் கூடு கழுவும் வேலை கிடைத்தது. வாசலோரக் கண்ணாடிக் கூட்டில் ஒரு பாலைவன நரி. பூனையிலும் சிறியது, காதுகள் மட்டும் இரண்டு பலாவிலைகள்.

பத்ரோன், அதாவது முதலாளி, வேலையைக் காட்டினார். சனம் வாசலில் நின்றால் நான் கண்ணாடியில் தட்ட வேண்டும். நரி திடுக்கிட்டு எழும். காது விரியும். சனம் உள்ளே வரும்.

"நல்லாத் தட்டு. படுத்துக் கிடக்கிறதை ஆர் வாங்குவான்?"

பிரெஞ்சில்தான் சொன்னார், என் காதில் எங்கள் பேச்சாகவே விழுந்தது.

2. கட்டில் முறை

ரூ பிலிப்-து-ஜிரார் தெருவில் எங்கள் அறையில் ஆட்கள் அதிகம், கட்டில்கள் குறைவு. இரவில் நான் படுக்கும் கட்டிலில் பகலில் ரத்தினம் அண்ணை படுப்பார். அவருக்கு உணவகத்தில் இரவெல்லாம் கோப்பை கழுவும் வேலை. அறையில் ஒரே சட்டம்: பகலில் உறங்குகிறவனை எழுப்பக் கூடாது. யாராவது தும்மினால் போர்வைக்குள்ளிருந்து அவர் குரல் வரும்.

"டேய், தும்மிறதெண்டால் நகரத்துக்கு வெளியாலை திரான்சிக்குப் போய்த் தும்மு!"

அந்த அறையிலிருந்து போய்த்தான் கண்ணாடியில் தட்டினேன்.

கடைக்குத் தீனி இறக்க வரும் அல்ஜீரியர் அகமதுவின் ஊர் பாலைவன ஓரம். நரியைப் பற்றி அவர்தான் சொன்னார். பகல் வெயிலில் அது மணலுக்கடியில் வளைக்குள் கிடக்கும். இருட்டினால்தான் இரை தேடும். மணலுக்குள் வண்டு நகர்வதும் அந்தக் காதுக்குக் கேட்கும். உடம்புச் சூடும் காது வழியே கழியும். உள்ளங்காலில் மயிர் இருப்பதால் கொதிமணலிலும் ஓடும். தண்ணீர் இல்லாவிட்டால் இரையின் ஈரமே போதும்.

"தூக்கமில்லாட்டித்தான் செத்துப்போகும்" என்றார்.

நரி ஏற்கெனவே தீனியைத் தொடாமல் விட்டிருந்தது.

3. மணல்

கட்டட வேலை நடக்கும் இடத்தில் கேட்டு வாங்கிய மணலைக் கூட்டில் கொட்டினேன். நரி முகர்ந்தது. பிறகு தோண்டியது, வால்நுனியும் மறைந்தது. பகல் முழுக்க உறங்கிவிட்டு, நான் கடை பூட்டும் நேரத்தில் வெளியே வந்து இறைச்சியைத் தின்றது.

மறுநாள் பத்ரோன் கூட்டைப் பார்த்தார்.

"எங்கை நரி?"

"நித்திரை, மிஸியூ."

"மணலை அள்ளு. இல்லாட்டி வேலைப் பத்திரம் தரமாட்டன்."

அந்தப் பத்திரம் இல்லாமல் பிரிபெக்தூர் அலுவலகத்தில் வதிவிட அட்டை கேட்க முடியாது. ஆனாலும் நான் அள்ளவில்லை. அன்றே வெளியே அனுப்பினார்.

4. அடுத்த வாரம்

அந்த வழியால் போனேன். கூட்டில் மணல் இல்லை. கண்ணாடியில் தட்டிக்கொண்டு நின்றவர் ரத்தினம் அண்ணை.

"அண்ணை, நீங்களுமோ?"

"வேறை என்ன செய்ய? அங்கை கோப்பை கழுவிறது பதிவில்லாத களவு வேலை, வேலைப் பத்திரம் இல்லை. இவன் தாறானாம். நீ வீரன், போ."

மறுபடி தட்டினார். நரியின் காது அசையவில்லை. வயிறு ஏறி இறங்கவில்லை.

"கள்ளன், சத்தத்துக்குப் பழகிட்டான்" என்று சிரித்தவர், மோதிரம் போட்ட விரலை மடக்கி இன்னும் பலமாகத் தட்டினார்.

புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்குச் சொல்ல என்னிடம் ஒன்றுதான் இருக்கிறது. நீ மாட்டேன் என்றால் வேலை நின்றுவிடாது. கை மட்டும் மாறும். அந்தக் கை தூரத்திலிருந்தும் வராது.