கணக்குப்பிள்ளை ஏன் ஜெயிலுக்குப் போனார்

மராத்திக்காரர்கள் ஊரான தாபோடியில் இன்பநாதனைத் தெரியாத தமிழர்கள் இருக்கலாம். அவருடைய விளக்கத்திலிருந்து தப்பியவர்கள் கிடையாது. ராணுவப் பணிமனையில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். அது வயிற்றுப்பாட்டுக்கு. உண்மையான உத்தியோகம், ஒரு பழைய மர்மப் படத்தின் முடிவுக்குப் பொருள் சொல்வது.

இளவயதில் அதை சர்ச் ஹாலில் பார்த்தார். அங்கே அந்நாளில் ஒரு வழக்கம்: கிளப் டான்ஸ் வந்தால் ஃபாதர் எழுந்து புரொஜெக்டர் முன்னால் பாட்டுப் புத்தகத்தைப் பிடித்துக்கொள்வார். சபை இருட்டில் ஒழுக்கமாகத் தாளம் போடும். கடைசியில் சாதுவான கணக்குப்பிள்ளையைப் போலீஸ் பிடித்துப் போனபோது ஏனென்று ஒருவருக்கும் விளங்கவில்லை. இன்பநாதனுக்கு விளங்கியது: முதலாளியைக் கொன்றது அவர் மனைவி, அவள்மேல் கொண்ட மௌனக் காதலால் கணக்குப்பிள்ளை பழியை ஏற்கிறார். இதைச் சொல்லித்தான் சத்தியவதியின் மனத்தைப் பிடித்தார். கல்யாணம் ஆயிற்று, விளக்கம் நிற்கவில்லை.

இப்போது, பாணேரில் ஐ.டி. வேலை பார்க்கும் மருமகள் ரியா அதே ஹாலில் அந்தப் படத்தைப் போட ஏற்பாடு செய்துவிட்டாள். படம் முடிந்ததும் மாமனார் பேச வேண்டும். ஒத்திகைக்காகச் செல்போனில் பார்த்தார். டான்ஸ் வந்தது. ஆடுபவளுக்குப் பின்னால் கணக்குப்பிள்ளை சாவகாசமாக முதலாளியின் கோப்பையில் விஷம் கலக்கிக்கொண்டிருந்தார்.

இத்தனை வருஷப் புலமை, பெண்டாட்டி முன்னாலேயே போய்விடும்!

ஞாயிறு மாலை, டான்ஸ் தொடங்கியதும் எழுந்தார். புரொஜெக்டர் இப்போது கூரையில் தொங்கியது, எட்டவில்லை. திரைக்கு முன்னால் போய்க் கைகளை விரித்து நின்றார்.

"மாமா, ஸைட்ல ஹோ ஜாயியே நா! ஒண்ணும் தெரியல!" என்று இந்தி கலந்து விலகச் சொன்னாள் ரியா.

"சர்ச் ஹால்மா. வழக்கம்னு ஒண்ணு இருக்குல்லா!"

அவர் போட்டிருந்தது வெள்ளைச் சட்டை.

முன்வரிசையிலிருந்து சத்தியவதி குரல் கொடுத்தாள்: "ஏங்க, அசையாதீய. உங்க தொப்பையிலதான் விஷம் கலக்குதான். நல்லாத் தெரியுது."

ஹாலே குலுங்கியது. அவள் பக்கத்து நாற்காலியில் வந்து சரிந்தார்.

"ஒனக்கு முன்னாடியே தெரியுமா?"

"கல்யாணத்துக்கு முந்தியே தூத்துக்குடி தியேட்டர்ல முழுசாப் பார்த்தவதான நான்."

"பொறவு ஏன் சொல்லல?"

"நீங்க எப்ப மூச்சு விட்டீய, நான் சொல்ல?"

படம் முடிந்து ரியா மைக்கை நீட்டினாள். இன்பநாதன் எழுந்து தொண்டையைச் செருமினார்.

"கணக்குப்பிள்ளை விஷம் கலக்கினது வாஸ்தவம். ஆனா, யாருக்காக?"

சத்தியவதி கைப்பையைத் திறந்து முறுக்கை வெளியே எடுத்தாள்.