முதல் அத்தியாயத்தில் அழும் அப்பா

நான் பேசும் பட்டிமன்ற மேடைகளில் கைதட்டல் எந்த இடத்தில் விழும் என்பதை முன்கூட்டியே அறிவேன். திருவில்லிபுத்தூரில், மடவார் வளாகத்துக்கு அருகே ஒரு கல்யாண மண்டபத்தில், என் பதினான்காம் வயதில் பேச்சுப் போட்டியில் முதற்பரிசு பெற்றதைச் சொல்வேன். இராஜபாளையத்து நூற்பாலையில் இரவுப்பணி முடித்து, தலையில் பஞ்சுத்தூசியோடு நேரே பேருந்து ஏறி வந்த என் தந்தை, கடைசி வரிசையில் அமர்ந்து கண்ணீர் மல்கக் கேட்டார் என்பேன். அங்கே மூன்று விநாடி நிறுத்துவேன். அரங்கம் அதிரும். ஒருமுறைகூடத் தவறியதில்லை.

ஆகவே, என் நினைவுகளைப் புத்தகமாக எழுத அமர்ந்தபோது அதையே முதல் அத்தியாயமாக வைத்தேன். ஞாயிற்றுக்கிழமை காலை வீட்டில் வாசித்துக் காட்டினேன். மேற்கே மலை மேகத்துக்குள் கரைந்திருந்தது. அப்பா சன்னலோர நாற்காலியில் இருந்தார். அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். கண்ணீர் வந்த இடத்தில் வழக்கம்போல் நிறுத்தினேன்.

"யாரு, இவியளா அழுதாவ?" என்றாள் அம்மா. "ஏட்டி, இம்புட்டு வெங்காயத்த உரிக்கேன், பக்கத்துல இருந்துக்கிட்டு ஒரு சொட்டு விடல இவிய!"

அப்பா சங்கடமாகச் சிரித்தார். "அன்னைக்கு நான் தூங்கிட்டேன்லா, தாயி."

அது எனக்குத் தெரியும். மேடையிலிருந்தே பார்த்தேன், அவர் தலை மார்பில் சாய்ந்திருந்தது. அந்த அவமானம் தாளாமல் அடுத்த மேடையில் அதைச் சொல்லும்போது அவர் தலையை நிமிர்த்தினேன், அதற்கடுத்த மேடையில் கண்ணீரைச் சேர்த்தேன். பிறகு சொல்லிச் சொல்லி, அந்தக் கண்ணீர் மின்விளக்கில் பளபளத்ததைக்கூட நானே கண்டதாக நம்பிவிட்டேன்.

"மேடையில சொன்னா காத்தோட போயிரும். புத்தகத்துல வேண்டாம்," என்றார் அப்பா. "மில்லுல எங்கூட வேல பாக்கவன்லாம் படிப்பான். 'அழுதீராமே'ன்னு கேட்டா நான் என்ன சொல்ல?"

"அழுதாத்தாம்பா படிக்கிறவங்க மனசுல நிக்கும்."

"நான் அழலயே."

பட்டிமன்றத்தில் எதிரணியை வாயடைக்கச் செய்பவள் நான். அன்றோ, இத்தனை ஆண்டுகளாக விழுங்கிவைத்த ஒன்றுதான் வெளியே வந்தது. "பின்ன எதுக்குப்பா வந்தீங்க? தூங்கவா?"

அப்பா நாற்காலியை என் பக்கம் திருப்பிப் போட்டார்.

"எப்பக் கண்ண மூடுனாலும் மில்லு ஓடும் எனக்கு. தூக்கத்துலயும் அந்தச் சத்தந்தான். அன்னைக்கு நீ பேச ஆரம்பிச்சதும் ஒவ்வொரு மிஷினா நின்னுருச்சு. மேல பறந்த பஞ்செல்லாம் மெல்ல மெல்லக் கீழ இறங்குது. உன் குரல் மட்டும் கேக்கு."

"என்ன பேசினேன்?"

"அது வெளங்கல, தாயி. நல்லாருந்துச்சு."

அன்று மாலையே அத்தியாயத்தை முதலிலிருந்து எழுதினேன். ஓடாத எந்திரங்களுக்கு நடுவே பஞ்சு இறங்கிக்கொண்டே இருந்தது. கடைசி வரிசையில் ஒருவர் உறங்கிக்கொண்டிருந்தார். எங்கே நிறுத்துவது என்று தெரியாமல் எழுதிக்கொண்டே போனேன்.

மறுநாள் பகலில் அதை அம்மாவுக்கு வாசித்தேன். இரவுப்பணி முடித்து வந்த அப்பா அடுத்த அறையில் படுத்திருந்தார். ஒலிபெருக்கி இல்லாமலே கடைசி வரிசையை எட்டும் என் குரலைத் தணித்துத் தணித்து, அவர் எழுந்துவிடாதபடி வாசித்தேன்.