அம்மாவின் கைகளில் இறப்பர் மணம்

மட்டக்களப்பு ஆஸ்பத்திரியில் தாதி புதிய கையுறைப் பெட்டியைத் திறந்ததும் இறப்பர் மணம் எழுந்தது. அந்த நொடியில் எனக்கு ஐந்து வயதாகிவிட்டது.

அம்மா அப்போது தெற்கே ஒரு கையுறைத் தொழிற்சாலையில் வேலை செய்தார். வருடத்துக்கு வருடம் அங்கே இறப்பர் பால் கொண்டுவரும் பவுசர் வண்டிகள் கூடின; வேலையும் கூடியது. அம்மாவின் லீவு குறைந்தது. ஒருமுறை நெடுநாள் கழித்து, நான் பெரியம்மாவோடு வளர்ந்த கொக்கட்டிச்சோலைக்கு வந்தவர், என்னைத் தூக்கக் கை நீட்டினார். அந்த மணத்துக்குப் பயந்து பெரியம்மாவின் பின்னால் ஒளிந்தேன்.

“பெத்த தாயக் கண்டு பேயக் கண்ட மாதிரி ஓடுறாளே கா!” என்று பெரியம்மா அம்மாவிடம் சொல்லிச் சிரித்தார்.

அம்மா கிணற்றடியில் எலுமிச்சம்பழத்தால் தேய்த்துத் தேய்த்துக் கைகளைக் கழுவினார். தோல் சிவந்ததே தவிர மணம் போகவில்லை.

“இப்ப வாறியா, மனே?” என்று செல்லமாகக் கூப்பிட்டார்.

மாட்டேன் என்று தலையாட்டினேன்.

அதன்பிறகு வந்தபோதெல்லாம் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டுதான் என்னைப் பார்த்துச் சிரிப்பார். வளர்ந்த பிறகும் கூச்சம் என்னை விடவில்லை. நானாக அந்தக் கைகளைப் பிடித்தது, அம்மா இறந்த அன்றுதான்.