பத்து நிமிடம் முன்னுக்கு

பள்ளியில் சாதாரண தரப் பரீட்சை வரை மட்டும் படித்த நான் கணினியைப் பற்றி எழுத வருவது அதிகப்பிரசங்கம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள். எழுதாவிட்டால் என் கோபம் ஆறாது.

கரையோரத்து நண்டுக் கம்பனி ஒன்றில் கணக்கு எழுதுகிறேன். வேலையாட்கள் வரவு பதிய விரல் வைக்கும் மெசினுக்கு என் மேசைக் கணினிதான் நேரம் கொடுக்கும். மணிக்கொருதரம் ஒரு ஷெல் ஸ்கிரிப்ட், அதாவது சில வரிக் கட்டளைகள், தானாக ஓடி இணையத்தைப் பார்த்து அந்த நேரத்தைத் திருத்தும்.

மற்றவர்கள் கம்பனி வான் வண்டியில் விடியவே வந்துவிடுவார்கள். ஒருத்தி மட்டும் தூரத்திலிருந்து பஸ்ஸில் வருவாள். அன்று அவள் விரல் வைக்க, பிந்தியதாகக் காட்டியது. அந்த மாதம் மூன்றாம் தரம். முதலாளி வேலையால் நிற்பாட்டிவிட்டார்.

“அக்கா, முதல் பஸ்ஸிலைதான் வந்தனான். உந்த மெசினுக்கு என்னிலை என்ன கோவம்?”

“உன்ரை மாமி உதுக்குள்ளை இருக்கிறா போலை,” என்றாள் நண்டு உடைத்துக்கொண்டிருந்த ஒருத்தி. எல்லோரும் சிரித்தார்கள். பஸ்ஸில் வந்தவள் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

என் போனைப் பார்த்தேன். மெசின் அரை மணித்தியாலம் முந்தி நின்றது.

ஸ்கிரிப்டைத் திறந்தேன். ஒரு வரி இணையத்தில் நேரம் எடுக்கிறது. அடுத்த வரி அதோடு பத்து நிமிடம் கூட்டுகிறது. வீட்டுச் சுவர் மணிக்கூட்டை முன்னுக்கு வைப்பதுபோல இங்கும் வைக்கச் சொன்னவர் முதலாளி. இணையம் இல்லாவிட்டால்? வயரைக் கழற்றிவிட்டு ஓட்டினேன். பத்து நிமிடம் பாய்ந்தது. மறுபடி ஓட்டினேன். இன்னுமொரு பத்து. ஏற்கெனவே முந்தி நின்ற நேரத்தோடேயே திரும்பத் திரும்பக் கூட்டியிருக்கிறது. விடியப்புற மழைக்கு இரண்டு மணித்தியாலம் இணைப்பு அறுந்திருந்தது.

முதலாளியோடு நான் நிமிர்ந்து கதைத்ததில்லை. அன்று கதைத்தேன்.

“ஐயா, அவள் பிந்தேல்லை. மணிக்கூடுதான் ஓடிப்போய் நிக்குது.”

“முன்னுக்கு வைச்சால்தான் சனம் நேரத்துக்கு வரும், பிள்ளை. என்ரை வீட்டிலையும் அப்பிடித்தான்.”

“உங்கடை வீட்டு மணிக்கூடு ஒருத்தரையும் வேலையாலை நிப்பாட்டேல்லையே!”

“சரி சரி, நாளைக்கு வரச்சொல்லு. உதுக்கேன் சத்தம் போடுறாய்?”

அவ்வளவுதான். ஒரு பெண்ணை எல்லோர் முன்னாலும் வெளியே அனுப்பியவர், தேத்தண்ணியை ஆற்றி ஆற்றிக் குடித்தார். அவரைக் கேட்காமலே பத்து நிமிடம் கூட்டும் அந்த வரியை அழித்தேன். இணையத்தில் நேரம் கிடைக்காவிட்டால் மணிக்கூட்டைத் தொடாதே என்று எழுதிவைத்தேன். பிறகு அவளுக்குப் போன் எடுத்து, நாளைக்கு வரச் சொன்னேன்.

“ஓம் அக்கா, பாப்பம்,” என்றாள்.

மறுநாள் மெசின் சரியான நேரம் காட்டியது. அவள் வரவில்லை, வேறொரு கம்பனியில் சேர்ந்துவிட்டாளாம்.