இரண்டு கையிலும் நாடி

கம்பவுண்டர் வேலை என்பது டாக்டர் சொன்னதை நோயாளிக்குப் புரியும்படியும், நோயாளி சொன்னதை டாக்டருக்குக் கோபம் வராதபடியும் எடுத்துச் சொல்கிற வேலை. ஐம்பதுகளின் கடைசியில் தென்காசியில், குற்றாலம் ரோட்டில் இருந்த ஒரு டாக்டரிடம் அதைத்தான் செய்தேன். இதே பிழைப்பில் உழன்றவர்களுக்கு என் பாடு விளங்கும்.

அபூர்வ நோய்

எங்கள் டாக்டர் லண்டன் புத்தகம் ஒன்றை வேதம் மாதிரி வைத்திருந்தார். கால் ரத்தக்குழாய் அழன்று அடைத்து, விரல் கறுத்துப்போகிற ஒரு நோயை அது ‘அபூர்வம்’ என்றது. ஒருநாள் எங்கள் பெஞ்சில் அந்த அபூர்வம் மூன்று பேராக உட்கார்ந்திருந்தது. மூவர் காதிலும் பீடி. நோய்க்கு வேரே அதுதான் என்று டாக்டர் அதைப் பிடுங்கி எறிந்துவிட்டு, “எந்த நோய் எந்த ஊர்ல அதிகம்னு நாமளே எழுதி வைப்போம்” என்று என்னிடம் ஒரு நோட்டைத் தந்தார். நான் எழுதுவதை எட்டிப் பார்த்து, மூவரில் ஒருவரான ஆய்க்குடிக்காரர் சொன்னார்: “எங்க ஊருப் பேரைக் கொஞ்சம் பெருசாப் போடுங்க. அதைப் பாத்தாவது ரோடு போட வருதானுவளான்னு பாப்போம்.”

விழுந்த நாடி

சாரல் காலத்தில் சிவகிரியிலிருந்து ஒருவர் தன் மகள் கோமதியைக் கூட்டிவந்தார். ஆவணியில் அவளுக்குக் கல்யாணம். கொண்டை போடத் தூக்கினால் கை ஓய்ந்துபோகிறது என்று உள்ளூர் வைத்தியரிடம் காட்டியிருக்கிறார்கள். அவர் நாடி பார்த்து, நாடி விழுந்துவிட்டது, இனி கடவுள் விட்ட வழி என்று கையை விரித்துவிட்டார். மாப்பிள்ளை வீட்டுக்கும் செய்தி எட்டிவிட்டது.

ஆணுக்கு வலது, பெண்ணுக்கு இடது என்பதுதானே நாடி பார்க்கிற வழக்கம். நானும் இடது கையைத்தான் பிடித்தேன். நாடி இல்லை. அழுத்திப் பார்த்தேன், இல்லை. எனக்கு வியர்த்துவிட்டது. டாக்டர் வந்து சாவகாசமாக வலது கையைப் பிடித்தார். அங்கே ஜோராக அடித்துக்கொண்டிருந்தது. “இடது கைக்குப் போற ரத்தக்குழாய் அழன்று அடைச்சிருக்கு. மருந்து இருக்கு, பயப்படாதீங்க” என்றார். தகப்பனார் அழுதுவிட்டார். நான் இன்னும் இடது கையை விடாமல் நிற்பதைப் பார்த்து கோமதி சொன்னாள்: “அண்ணாச்சி, செத்தவ கையின்னாலும் இந்த நெரி நெரிக்கக் கூடாது.”

ஜப்பான் நோய்

மறுவாரம் மாப்பிள்ளை தனியாக வந்தார். பள்ளிக்கூட வாத்தியார். கல்யாணத்தை நிறுத்தும்படி வீட்டில் நெருக்குகிறார்களாம். இந்த நோய் ஜப்பானில் இளம்பெண்களுக்கு அதிகம் என்று புத்தகத்தில் இருப்பதை டாக்டர் காட்டினார்.

“ஜப்பான்ல உள்ளது சிவகிரிக்கு எப்படி சார் வந்துது?”

“இங்கயும் முன்னாலேயே இருந்திருக்கும். ரெண்டு கையையும் யாரு பார்த்தா? மாத்திரையை ஒழுங்கா சாப்பிட்டு, அப்பப்ப வந்து காட்டணும். கல்யாணத்துக்குத் தடை இல்ல.”

வாத்தியார் சட்டைக் கையை மடித்து, இரண்டு கைகளையும் என் முன்னால் நீட்டினார். அவர் சொன்னார்: “எனக்கும் பாத்துச் சொல்லுங்க. என் பக்கம் கோளாறு இருந்தா அவங்க வீட்டுக்கும் தெரியணும்லா.”

பிள்ளைக்குக் காய்ச்சல்

ஆவணியில் கல்யாணம் நடந்தது. நாலு வருஷம் கழித்துக் கோமதி இடுப்பில் ஒரு பெண் குழந்தையோடு வந்தாள். நல்ல தெம்பாக இருந்தாள், கொண்டையும் பெரிதாகவே போட்டிருந்தாள். குழந்தைக்குக் காய்ச்சல். பழக்கதோஷம், நான் அதன் இடது கையைப் பிடித்தேன். கோமதி மற்ற கையையும் எடுத்து என்னிடம் கொடுத்தாள்: “ரெண்டையும் பாருங்க அண்ணாச்சி. அவ அம்மைக்கு நாடி இருந்தது மத்த கையிலதான்னு அவளும் தெரிஞ்சுக்கிடட்டும்.”

லண்டன் புத்தகம் எங்கள் நோட்டைக் கண்டுகொள்ளவில்லை, ஆய்க்குடிக்காரருக்கு ரோடும் வரவில்லை, ஆனால் அதன் பிறகு எங்கள் பெஞ்சிலிருந்து ஒருவரையும் ஒரு கையை மட்டும் பார்த்து நான் எழுப்பிவிட்டதில்லை.