ஃபெரட் கொட்டிலில் ஆறு வருஷம்

நாய் பார்க்கிற வேலை என்றால் ஆட்கள் சிரிப்பார்கள், பூனை என்றால் ‘பரவாயில்லை’ என்பார்கள், ஃபெரட் பார்க்கிற வேலை என்றால் ‘அதென்ன சாமான்?’ என்று கேட்டுவிட்டு, பதில் வருமுன் கதையை மாற்றிவிடுவார்கள்.

ஜெர்மனியை விட்டு இரண்டாயிரத்து இரண்டில் லண்டனுக்கு வந்து எட்மண்டனில் குடியேறினோம். கைவிடப்பட்ட மிருகங்களை வைத்துப் பார்க்கிற காப்பகம் ஒன்றில் எனக்கு வேலை கிடைத்தது. நாய்ப் பக்கத்துக்கும் பூனைப் பக்கத்துக்கும் ஆட்கள் இருந்தார்கள். பின் வளவில் இருந்த ஃபெரட் கொட்டிலுக்கு மட்டும் பொறுப்பாளரைத் தவிர ஒருவரும் நிலைக்கவில்லை. நம்மூர்க் கீரியை இன்னும் கொஞ்சம் நீட்டி, மெலியவைத்து, கண்ணைச் சுற்றிக் கறுப்புப் பட்டி கட்டிவிட்டால் அதுதான் ஃபெரட். அதன் நாற்றம் உடுப்பில் ஏறினால் இரண்டு தரம் தோய்த்தாலும் போகாது. மிருகங்களோடோ, மிருகம் வளர்க்கிற மனிதர்களோடோ மாரடித்தவர்களுக்கு இனி நான் சொல்லப்போவது விளங்கும்.

முதல் கடி

இரண்டாம் நாளே ஒன்று என் சுட்டுவிரலைக் கவ்விக்கொண்டு தொங்கியது. நான் குளறிக்கொண்டு கையை உதற, அது இன்னும் இறுக்கிப் பிடித்தது. மோரீன் வந்தாள். அந்தக் கொட்டிலுக்குப் பொறுப்பானவள். சிரித்து நான் கண்டதில்லை. “உதறாத” என்று சொல்லி என் கையை மெல்ல நிலத்தில் வைத்தாள். கால்கள் தரையில் பட்டதும் அது விரலை விட்டுவிட்டு மூலைக்குள் ஓடி ஒளிந்தது.

எனக்கு அழுகை வந்துவிட்டது. நோவை விட, சாப்பாடு கொடுத்த கையைக் கடித்துவிட்டதே என்ற கவலைதான். மோரீன் காயத்தைக் கழுவி மருந்து போட்டபடி சொன்னாள்: “அது உன்னைக் கடிக்கேல்லை. இதுக்கு முன்னால அதை அடிச்சவனைத்தான் கடிச்சது.”

பெயர் என்ன?

ஒரு சனிக்கிழமை, கிங்ஸ்பரியிலிருந்து ஒரு தமிழர் வந்தார். கையில் பூனைக்கூடு, உள்ளே ஒரு வெள்ளை ஃபெரட். என் சட்டையில் இருந்த பெயரைப் பார்த்துவிட்டு, “தமிழோ?” என்றார். “ஓம் அண்ணை” என்றேன். மனிதருக்குப் பாதிப் பாரம் இறங்கினதுபோல இருந்தது. மகள் யூனிவர்சிட்டிச் சிநேகிதியிடம் வாங்கிக்கொண்டு வந்ததாம். அவளுக்கு இப்போது பர்மிங்ஹாமில் வேலை. தாய்க்கு மூச்சிழுப்பு, மிருக மயிர் ஒத்துக்கொள்ளாது. வீட்டில் வைத்திருக்க ஏலாது.

படிவத்தில் வயது, சாப்பாடு, போட்ட ஊசி எல்லாம் எழுதிக்கொண்டு வந்து, பெயரைக் கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. “கீரி எண்டுதான் நாங்கள் கூப்பிடுறது. பொறுங்கோ, பிள்ளை கார்லதான் இருக்கிறாள்” என்று வெளியே போனார். கண்ணாடி வழியாகப் பார்த்தேன். அவர் குனிந்து கேட்கிறார், அந்தப் பிள்ளை நேரே முன்னுக்குப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். திரும்பி வந்தவர் என்னைப் பார்க்காமல் கூட்டைப் பார்த்துச் சொன்னார்: “சொல்ல மாட்டாளாம், தங்கச்சி. இனி நீங்கள் வைக்கிறதுதான் அதுக்குப் பேராம்.”

பிந்தி வந்தவர்கள்

பெண் ஃபெரட்டுக்குப் பருவம் வந்தால், ஆணோடு சேரவேண்டும், அல்லது மிருக வைத்தியர் ஊசி போடவேண்டும். இரண்டும் இல்லாமல் மாதக்கணக்கில் விட்டால் உடம்பில் இரத்தம் ஊறுவது நின்றுபோகும். இது எனக்கும் வேலைக்கு வந்த பிறகுதான் தெரியும்.

ஒரு இளம் சோடி வந்தார்கள். கைவிட வரவில்லை, உதவி கேட்டு வந்தார்கள். துவாயில் சுற்றியிருந்த ஃபெரட்டின் பல் முரசு கடதாசிபோல வெளுத்திருந்தது. வால் மயிர் கொட்டிவிட்டது. ஆனால் நகம் வெட்டி, காது துடைத்து, தங்கள் பழைய சுவெட்டரில் படுக்கை தைத்துக் கொண்டுவந்திருந்தார்கள். எங்கள் வைத்தியர் பார்த்துவிட்டு, இனி ஏலாது என்று தலையை ஆட்டினார். நோவில்லாமல் முடித்துவிடுகிற கடைசி ஊசியைப் போடும்போது அந்தப் பெண்தான் பிடித்துக்கொண்டிருந்தாள். போகும்போது வாசலில் நின்று, கோபமே இல்லாமல் சொன்னாள்: “கடைக்காரன் இது என்ன சாப்பிடும் எண்டு சொன்னவன். எப்பிடிச் சாகும் எண்டு சொல்லேல்லை.”

வியாழக்கிழமைக் கண்

ஆர்தர், ஆர்ச்வே பக்கம் தனியாக இருந்தவர், எழுபத்தெட்டு வயது. வயோதிபர்களுக்கான ஃபிளாட் ஒன்று கிடைத்தது. அங்கே பிராணிகள் வைத்திருக்க விடமாட்டார்கள். அதனால் தன் ஃபெரட் பெக்கியை எங்களிடம் கொண்டுவந்து விட்டார். அடுத்த வியாழக்கிழமை, நகம் வெட்டவேண்டும் என்று சொல்லிக்கொண்டு வந்து நின்றார். பெக்கியின் வயிற்றில் ஒரு சொட்டு மீன் எண்ணெய் விட்டார். அது தன் வயிற்றை நக்கிக்கொண்டு மல்லாந்து கிடக்க, இருபது நகங்களையும் ஆறுதலாக வெட்டி முடித்தார். அன்றுவரை ஒருவர் பிடிக்க மற்றவர் வெட்டின வேலை அது.

நகம் வாராவாரம் வளராது. ஆனால் அவர் வாராவாரம் வந்தார். மிருகத்தை ஒப்படைத்தவர் திரும்பி வந்து பார்க்கக்கூடாது என்பது காப்பகத்தின் சட்டம். என்ன செய்வது என்று மோரீனிடம் கேட்டேன். அவள் கூடு கழுவுவதை நிறுத்தாமல் சொன்னாள்: “வியாழக்கிழமைகளில எனக்குக் கண் தெரியாது.”

தடிமன்

மனிதருடைய சளிக்காய்ச்சல் ஃபெரட்டுக்குத் தொற்றும். கொட்டில் கதவில் பெரிய எழுத்தில் ஒட்டியிருந்தது. ‘தும்மினால் உள்ளே வராதே.’ அந்த வருஷ மாரிக் குளிரில் மோரீன் லீவில் போயிருந்தாள். கடிக்குப் பயந்து மற்ற ஒருவரும் பின்பக்கம் வரமாட்டார்கள். எனக்குத் தொண்டை கரகரத்தது. ‘சும்மா சளித் தடிமன்தானே’ என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு உள்ளே போனேன். இரண்டாம் நாள் எனக்கே நெருப்பாய்க் காய்ந்தது. அப்போதும் போனேன்.

நாலு ஃபெரட்டுகள் தும்மத் தொடங்கின. மூன்று தேறின. பெக்கிக்கு ஏழு வயது, அதுகளில் அது கிழவி. ஊசியில்லாத சிரிஞ்சால் வாயில் தண்ணீர் விட்டு விட்டுப் பார்த்தேன். புதன் காலை என் மடியில் முடிந்துபோனது. அன்றுதான் மோரீன் திரும்பி வந்தாள். நடந்ததைச் சொன்னேன். ஆர்தருக்கு யாராவது போன் பண்ணிச் சொன்னால் நல்லது, என்னால் ஏலாது என்றேன். மோரீன் என்னைத் திட்டவில்லை. “போனில சொன்னால் அவர் தனியத்தான் நிண்டு கேக்கவேணும்” என்றாள்.

ஆர்தர்

வியாழன் பதினொரு மணிக்கு வந்தார். கோட்டுப் பையிலிருந்து எண்ணெய்க் குப்பியை எடுத்து மேசையில் வைத்தார். நான் அவரை இருக்கச் சொல்லி, முழுவதையும் சொன்னேன். எனக்குக் காய்ச்சல் என்று தெரியும், கதவில் எழுதியிருந்ததும் தெரியும், என்னிடமிருந்துதான் தொற்றியது. ஒன்றையும் மறைக்கவில்லை. அவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்து, அதன் விளிம்பை விரலால் சுற்றிச் சுற்றித் தடவிக்கொண்டிருந்தார். ஏசினால் நல்லது என்று எனக்கு இருந்தது.

பிறகு நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார். “பெக்கியை நீ பாத்தாய்” என்றார். “உன்னை ஆர் பாத்தது?”

அதற்குப் பிறகும் நாலு வருஷம் அந்தக் கொட்டிலில் நின்றேன், எத்தனையோ ஃபெரட்டுகளைத் தூக்கி வளர்த்து வேறு வீடுகளுக்கு அனுப்பினேன். மிஞ்சினது என்னவென்றால், இன்றைக்கும் எனக்கு ஒரு தும்மல் வந்தால் கைக்குட்டையைத் தேடுமுன், பக்கத்தில் இருப்பது யார், அவருக்கு எத்தனை வயது என்றுதான் பார்க்கிறேன்.